காப்பி கொட்டிய பலகை

"நான் எப்பங்க அழுதேன்?"

"அது ஒரு பேச்சுக்கு எழுதினது. நீ முழுசாப் படிச்சுப் பாரு..."

"படிச்சிட்டேன். 'ஏழாவது முறை ஆடியபோது கடைசி விளக்கும் அணைந்தது. என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.' எந்த விளக்கு? எந்த ஏழாவது முறை?"

"படிக்கிறவங்களுக்கு ஒரு பிடிப்பு வேணும்ல? சும்மா நல்லா இருக்குன்னு எழுதினா..."

"அந்தப் பெட்டியைக் கூரியர்காரன்கிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினவ நான். வாங்கி வச்ச இடத்துலயே இருக்கு. அது மேல உங்க இஸ்திரி சட்டை இருக்கு. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு..."

"நேத்து நான் வேலை பாக்கற இடத்துல பல் டாக்டரே கேட்டார். நம்ம கிளினிக்ல பல்லு பிடுங்கிக்கிறவங்களே அழறதில்ல, பொம்மை விளக்குக்கா அழுதீங்கன்னு. வந்திருந்த பேஷண்டெல்லாம் மரத்துப்போன வாயை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க."

"அதை விடும்மா. அவர் வர்றார்."

"யாரு?"

"அந்த ஆட்டத்தை உருவாக்கினவர். நம்ம குடும்பம் ஆடறதை நேர்ல பாக்கணுமாம். நாலு மணிக்கு."

"என்னிக்கு நாலு மணிக்கு?"

"இன்னிக்கு."

அதுவரை ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்த இரண்டு குரல்களும் சேர்ந்தாற்போல் நின்றன. மிக்ஸி நின்ற சமையலறை மாதிரி ஆகிவிட்டது வீடு.

கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்குக் கண்ணாடிக்காரர். ஆனால் அவருக்கு இன்னொரு உலகம் உண்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் ஆடுகிற புதுவகை ஆட்டங்கள் இருக்கின்றன அல்லவா, பலகை, சீட்டு, மரக்காய் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அவற்றை ஆடிப்பார்த்து விமர்சனம் எழுதுவார். இணையத்தில் 'கண்ணாடிக்காரர் பார்வை' என்று சொந்தமாக ஒரு பக்கம். அதன் தலையில் பச்சை எழுத்தில் ஒரு வரி நிரந்தரமாக இருக்கும்: 'ஆடாமல் எழுதுவதில்லை.' அந்த ஒரு வரியை நம்பித்தான் எங்கெங்கோ இருப்பவர்கள் பெட்டி வாங்கினார்கள். கடையில் 'இந்த ஃபிரேம் மூக்கை அழுத்துது' என்று யார் கத்தினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிற மனிதர், அந்தப் பக்கத்தைத் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்.

குறை ஒன்றுதான். கூட ஆட ஆளில்லை. மனைவி ஒரே ஒருமுறை உட்கார்ந்தாள். அது விவசாய ஆட்டம். மத்தியானம் விதைத்த பூசணி இருட்டிய பிறகும் காய்க்கவில்லை. "நிஜமாவே தோட்டம் போட்டிருந்தாக்கூட ரெண்டு இலை வந்திருக்கும்" என்று எழுந்தவள்தான், அப்புறம் அந்த மேஜைப் பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்து கண்ணாடிக்காரர் நாலு நாற்காலி போட்டு, மாறி மாறி உட்கார்ந்து, நாலு பேருக்கும் தானே ஆடுவார். மூன்றாவது நாற்காலிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான்காவது நாற்காலியிலிருந்து சண்டையும் போடுவார்.

இந்த முறை அதற்கும் நேரமில்லாமல் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கண் பரிசோதனை; கடையில் தலைக்கு மேல் வேலை. 'கலங்கரை' என்ற அந்தப் புதுப் பெட்டியின் முதுகில் இருந்த படத்தையும் சுருக்கத்தையும் பார்த்தார். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தார். எழுதிவிட்டார். எழுத உட்கார்ந்த கை சும்மா இருக்குமா? பன்னிரண்டு முறை ஆடினோம் என்றது. மனைவி அழுதாள் என்றது. மைத்துனன் கோபித்துக்கொண்டு வெளிநடப்புச் செய்தான் என்றது. எதிர்வீட்டு டிராயிங் மாஸ்டர் ஆட்டத்தில் இமைக்காமல் பொய் சொல்கிறார் என்றது. பலகையின் ஆழ்ந்த நீலத்துக்கு மட்டும் தனியாக ஒரு பத்தி.

"மாட்டிக்கிட்டா அந்தப் பச்சை வரியை எடுத்துடணும்" என்றார் கண்ணாடிக்காரர் சன்னமாக. "அதை எடுத்துட்டு எழுதறதுக்கு, எழுதாமயே இருக்கலாம்."

மனைவி அவரைப் பார்த்தாள். கணக்கில் முட்டை வாங்கிய பையன் மாதிரி நின்றார். அவளுக்கு அந்தப் பெட்டிகள் மேல்தான் கோபம். இந்த மனிதர் நிமிர்ந்து உட்காருவதைப் பார்ப்பதில் ஒன்றும் கோபம் இல்லை.

"இன்னிக்கு ஒரு நாள் உக்கார்றேன்" என்றாள். "தம்பியைக் கூப்பிடுங்க. மாஸ்டரை நானே கூப்பிடறேன். ஆனா அழ மாட்டேன், சொல்லிட்டேன்."

மைத்துனன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையும் எங்காவது ஒரு லிஃப்ட் நடுவில் நிற்கும். அதை இறக்கிவிட்டு அப்படியே வந்தான். டிராயிங் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பொய்யர் என்று எழுதியதற்குச் சண்டைக்கு வருவார் என்று கண்ணாடிக்காரர் பயந்தார். மாஸ்டரோ முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"காலம் பூரா பசங்களுக்குப் படம் போடக் கத்துக் குடுத்தேன் தம்பி. ஒருத்தன்கூட என்னைப் பத்தி ஒரு வரி எழுதினதில்ல. நீங்க ஒரு பத்தியே எழுதியிருக்கீங்க. பொய் சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிடுவோம்."

பெட்டியைப் பிரித்தார்கள். உள்ளே சீட்டுக்கட்டு, மரத்தில் குட்டிக் குட்டிக் கலங்கரை விளக்குகள், கப்பல்கள். எல்லாம் புதுப் பெயின்ட் வாசனையோடு மின்னின.

"மாமா, பன்னிரண்டு தடவை ஆடின சீட்டு இப்படியா இருக்கும்?" என்றான் மைத்துனன். "முகம் பாத்து தலை சீவலாம் போலிருக்கு."

"பழசாக்கணும் மாப்ளே."

"குடுங்க, நான் ஆக்கறேன்."

அவன் கலைத்தான். நன்றாகத்தான் கலைத்தான். லிஃப்ட் கம்பிக்குப் போட்ட கிரீஸ் கையில் இருப்பதை அவனும் மறந்தான், மற்றவர்களும் மறந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சீட்டெல்லாம் பன்னிரண்டு முறை அல்ல, பன்னிரண்டு தலைமுறை ஆடியது மாதிரி ஆயிற்று. கிரீஸைப் போக்க மனைவி முகப்பவுடரைக் கொட்டித் துடைத்தாள். இப்போது சீட்டுக்கள் சாம்பல் நிறத்தில், தாழம்பூ வாசனையோடு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

"பரவால்ல, இது நல்லா ஆடின சீட்டுதான்" என்றார் மாஸ்டர். பொய் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

இதற்கிடையே மனைவி, கிழித்த உறை, பிரித்த அட்டை, நுரைப் பஞ்சு எல்லாவற்றையும் கூட்டி அள்ளிக் கீழே குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் கையைக் கழுவும்போதுதான் கண்ணாடிக்காரர் விதிமுறைத் தாளை எடுத்து முதல் வரியைச் சத்தமாகப் படித்தார்.

"'பலகையை மேஜையின் நடுவில் விரிக்கவும்.' எங்க பலகை?"

பெட்டியைக் கவிழ்த்தார்கள். ஒரு கப்பல் விழுந்தது. வேறு ஒன்றும் விழவில்லை.

"அக்கா, குப்பையோட சேத்து அள்ளிட்டியா?"

"நான் அள்ளும்போது நீதானேடா பக்கத்துல நின்ன? பலகைன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"பலகைன்னு ஒண்ணு இருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்."

கண்ணாடிக்காரர் அதற்குள் படியிறங்கியிருந்தார். வீட்டுச் செருப்போடு இரண்டு தெரு ஓடி வண்டியைப் பிடித்தார். "சார், ஞாயித்துக்கிழமை குப்பை, மலையா இருக்கு. இதுல எது உங்களுதுன்னு நான் எங்க போய்த் தேடறது?" என்றார் வண்டிக்காரர். கண்ணாடிக்காரர் ஏறி, தானே தேடினார். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது கீழே நடைபாதையில் ஒரு குரல் கேட்டது.

"சார், என் கண்ணாடி ரெடியாயிடுச்சா?"

கடை வாடிக்கையாளர். கண்ணாடிக்காரர் அவரைப் பார்த்து, குப்பை வண்டியின் மேலிருந்து, எவ்வளவு முடியுமோ அவ்வளவு மரியாதையாக, "புதன்கிழமை வாங்க" என்றார்.

பலகை கிடைக்கவில்லை. சட்டையில் பழத்தோல் ஒட்டியபடி திரும்பி வந்தவரை மனைவி நேராகக் குளியலறைக்கு அனுப்பினாள்.

"பலகை இல்லன்னா என்ன, போட்டுட்டாப் போச்சு" என்றார் மாஸ்டர். "பெட்டி முதுகுல படம் இருக்குல்ல? எனக்குக் கெட்டியா ஒரு அட்டை மட்டும் குடுங்க."

கெட்டி அட்டைக்கு எங்கே போவது? கண்ணாடிக்காரருக்குக் குளித்துக்கொண்டிருக்கும்போதே மின்னிற்று. கடையில் சுவரில் தொங்குகிற கண் பரிசோதனை அட்டை. முன்பக்கம் மேலே யானை பெரிசு எழுத்து, கீழே வரவர எறும்பு எழுத்து. பின்பக்கம் சுத்த வெள்ளை. மைத்துனன் வண்டியில் பறந்துபோய்க் கழற்றிக்கொண்டு வந்தான்.

மாஸ்டர் வேலையைத் தொடங்கினார். தொடங்கினார் என்பதுதான் சரியான வார்த்தை. முடிப்பார் என்ற நம்பிக்கை யாருக்கும் வரவில்லை.

"மாஸ்டர், மணி மூணாச்சு. நீலம் அடிச்சாப் போதும்."

"கடலுக்கு ஒரு நீலம் பத்தாது தம்பி. கரையோரம் ஒண்ணு, நடுவுல ஒண்ணு."

"மாஸ்டர், மூணரை. அந்த மேகம் பெட்டியில இல்லையே."

"அவங்க விட்டுட்டாங்க."

"மாஸ்டர், அது என்ன, திமிங்கிலமா?"

"இடம் காலியா இருந்துச்சு."

நாலுக்குச் சில நிமிஷம் இருக்கையில் தூரிகையை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியதாயிற்று. பெயின்ட் சொதசொதவென்று ஈரம். மனைவி தலை உலர்த்தும் மெஷினை எடுத்துவந்து சூடாக ஊதினாள். கடல் காயவில்லை, அட்டைதான் நெளிந்தது. நெளிந்த கடலில் அலை தத்ரூபமாக இருந்தது என்று மாஸ்டர் மட்டும் மகிழ்ந்தார்.

"எல்லாரும் ஒண்ணு கேளுங்க" என்றார் கண்ணாடிக்காரர். "பழைய பலகை எங்கேன்னு கேட்டா, காப்பி கொட்டிடுச்சு. அவ்வளவுதான். வேற ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது."

அழைப்பு மணி அடித்தது.

ஆட்டத்தை உருவாக்கினவர் என்றால் வாட்டசாட்டமாக யாரோ வரப்போகிறார் என்று நினைத்திருந்தார்கள். வந்தவர் ஒடிசலாக, கூச்சமாக, வாசலிலேயே செருப்பை மூன்று தடவை நேராக வைத்தார். கூடவே அவர் மனைவி. நிதானமான அம்மாள். கையில் பழுப்புத்தாள் சுற்றிய தட்டையான பார்சல் ஒன்று.

"குடுங்க, உள்ள வைக்கிறேன்" என்றாள் கண்ணாடிக்காரரின் மனைவி.

"இருக்கட்டும்மா. போகும்போது பாத்துக்கலாம்" என்று அந்த அம்மாள் அதைச் செருப்பு அலமாரி ஓரமாகச் சாய்த்து வைத்தாள்.

வந்தவர் மேஜையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது... நான் போட்ட பலகை இல்லையே."

"காப்பி கொட்டிடுச்சுங்க" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வது போல வந்தது.

"காப்பியா? மேல பளபளப்பா உறை ஒட்டச் சொல்லியிருந்தேனே. துடைச்சாப் போயிடுமே."

கண்ணாடிக்காரர் இதை எதிர்பார்க்கவில்லை. மனைவி கணவரைப் பார்த்தாள். கணவர் காப்பித் தம்ளரைப் பார்த்தார். அந்த இடைவெளியில் மைத்துனன் புகுந்தான்.

"துடைச்சோம் சார். போகலை. அப்புறம்தான் வாஷிங் மெஷின்ல போட்டோம்."

"பலகையையா?"

"மெதுவா சுத்தற மாதிரி வச்சுத்தான் போட்டோம்" என்றாள் மனைவி, தம்பியைக் கைவிட மனமில்லாமல்.

"போட்டு எடுத்து பால்கனியில காயப்போட்டாங்க" என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார். இமை அசையவில்லை. "ஒரு காத்து வந்துது பாருங்க. எங்க வீட்டு ஜன்னல் வழியா நானே பாத்தேன். பட்டம் மாதிரி பறந்து போச்சு. கடைசியா கிழக்கால போனது."

"ஐயோ பாவம்" என்றாள் அந்த அம்மாள். "ஒரு பலகைக்கு இவ்வளவு கஷ்டமா?" பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பலகை நல்ல கெட்டியா இருந்துச்சா?"

நிபுணரிடம் கேட்ட கேள்வி. கண்ணாடிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்பக் கெட்டிங்க. இத்தனை பெட்டி பாத்திருக்கேன், இந்த மாதிரி அட்டை பாத்ததில்ல. விரிக்கும்போது டப்புன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அதுக்கே தனியா மார்க் போடலாம்."

"அப்படிங்களா" என்று அந்த அம்மாள் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

ஆட உட்கார்ந்தார்கள். விதி சுலபம்தான். ஆளுக்கு மூன்று விளக்கு. சீட்டைக் கவிழ்த்து வைத்து, 'என் விளக்கு எரியுது, கப்பல் வரலாம்' என்று சொல்ல வேண்டும். எதிராளி நம்பிக் கப்பலை விட்டு, சீட்டில் விளக்கு அணைந்திருந்தால் கப்பல் பாறையில் மோதும். கப்பல் விட்டவர் தன் விளக்கில் ஒன்றை இழப்பார். பொய் என்று சரியாகக் கண்டுபிடித்தால் சொன்னவர் விளக்கு போகும்.

முதல் கப்பல் கிளம்பவே இல்லை. கடலில் ஒட்டிக்கொண்டது. மைத்துனன் பிடித்து இழுத்ததில் கப்பலோடு கொஞ்சம் கடலும் வந்தது.

"நல்ல அலை" என்றார் மாஸ்டர்.

"நடுக்கடல்ல ஏதோ எழுத்து மாதிரி தெரியுதே?" என்று வந்தவர் குனிந்தார். ஈரம் ஊறி, பின்பக்கத்து யானை எழுத்து மேலே வந்துகொண்டிருந்தது.

"அது ஆழம்" என்றார் மாஸ்டர்.

கொஞ்ச நேரத்தில் எல்லார் விரலும் நீலம். ஆனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஏனென்றால் ஆட்டம் பிடித்துக்கொண்டது. மைத்துனனுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை; சொன்னால் காது சிவந்தது. சீட்டைப் பார்ப்பதை விட்டு எல்லாரும் அவன் காதைப் பார்த்து ஆடினார்கள். "காதை வச்சு ஆடக் கூடாதுன்னு விதியில போடுங்க சார்" என்று அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். மாஸ்டர் உண்மையைச் சொன்னாலும் பொய் போலவே இருந்தது. பொய்யைச் சொன்னால் தேன்.

"என் விளக்கு எரியுதுங்க" என்றாள் மனைவி.

"நிஜமாவா?"

"கட்டின புருஷன்கிட்ட பொய் சொல்லுவேனா?"

கண்ணாடிக்காரர் கப்பலை விட்டார். மோதியது. அவளுடைய சிரிப்பு எதிர்வீடு வரை கேட்டிருக்கும். மாஸ்டர் இங்கே இருந்ததால் அங்கே கேட்க ஆளில்லை.

"நீ இப்படி ஒரு ஆளுன்னு எனக்குத் தெரியாமப் போச்சே இத்தனை வருஷமா."

"கேட்டீங்களா? விதை விதை, தண்ணி ஊத்துன்னு என்னை வயல்ல விட்டீங்க."

கடைசியில் மேஜையில் இரண்டு விளக்குத்தான் மிச்சம். ஒன்று அவருடையது, ஒன்று அவளுடையது. அவள் சீட்டைக் கவிழ்த்தாள். "எரியுது" என்றாள். கண்ணாடிக்காரர் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "பொய்" என்றார்.

பொய்தான்.

அவள் தன் குட்டி விளக்கை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு கன்னத்திலும் நீலக் கோடு விழுந்தது.

"அழல. தூசி."

"அப்படியே இருக்கு" என்றார் வந்தவர். "நீங்க எழுதினது அப்படியே நடக்குது சார். விளக்கு அணைஞ்சது, தங்கச்சி எழுந்தது, தம்பி வெளிய போனது, எல்லாம். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? எங்க வீட்டுல யாரும் என்கூட ஆட உட்கார மாட்டாங்க. இவ பெட்டி கட்டுவா, உறை போடுவா, ஆடமாட்டா. நாலு நாற்காலி போட்டு நானே மாறி மாறி உட்கார்ந்து செஞ்ச ஆட்டம் இது. நாலு பேர் சண்டை போட்டு ஆடறதை இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன்."

நாலு நாற்காலி என்றதும் கண்ணாடிக்காரர் கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்தார்.

"சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

மேஜைக்கு அடியில் மனைவியின் குதிகால் அவர் கால்விரல் மேல் இறங்கியது.

"என்ன சொல்ல வந்தார்னா," என்றாள் அவள், "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நாங்க ஆடப் போறோம். அந்தத் தடவை நான் விடறதா இல்ல."

கண்ணாடிக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கால் வலித்தது. ஆனால் முகம் தன் இணையப் பக்கத்தைத் திறந்தால் மலர்வது மாதிரி மலர்ந்தது.

வந்தவர் கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "இந்தப் பலகையை நான் எடுத்துக்கட்டுமா? அந்தத் திமிங்கிலம் எனக்குத் தோணவே இல்ல. அடுத்த பதிப்புல இதையே போட்டுடலாம்னு பாக்கறேன்."

மாஸ்டர் அட்டையின் பின்பக்கம் வெளியே தெரியாதபடி ஒரு துணியில் சுற்றி, பிறந்த குழந்தையைக் கொடுப்பது போல இரண்டு கையாலும் கொடுத்தார். நாளைக் காலை கடைக்கு வருகிறவர்கள் எதைப் பார்த்துப் படிப்பார்கள் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை.

மாஸ்டரும் மைத்துனனும் அவரை லிஃப்ட் வரை கொண்டுபோய் விடப் போனார்கள். "இந்த லிஃப்ட்டுக்கு ஒரு தந்திரம் இருக்கு சார், கதவை உதைக்கணும்" என்று மைத்துனன் சொல்வது கேட்டது. கண்ணாடிக்காரர் வாசலில் நின்றார். பிழைத்துவிட்டோம். பச்சை வரி பிழைத்தது. இனி ஒருநாளும் ஆடாமல் எழுதுவதில்லை என்று மனசுக்குள் சத்தியமே செய்துகொண்டார். மனைவி நீலக் கன்னத்தோடு அவர் பக்கத்தில் நின்றாள்.

அந்த அம்மாள் மட்டும் பின்தங்கினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள். அலமாரி ஓரம் சாய்த்திருந்த பார்சலை எடுத்து, முடிச்சை அவிழ்த்து, தாளைப் பிரித்தாள். உள்ளே புத்தம்புது அட்டை, ஆழ்ந்த நீலம், மடிப்புக் கலையாமல் இருந்தது. விரித்துக் காட்டினாள். அது சத்தமே இல்லாமல் விரிந்தது.

லிஃப்ட் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு இன்னும் தெரியாது, நீங்களும் சொல்லிடாதீங்க. அச்சாபீஸ்லேருந்து பலகை வந்ததே நேத்துதான், நான் அவசரத்துல எல்லாப் பெட்டியையும் பலகை வைக்காமலே கட்டி அனுப்பிட்டேன். மத்தவங்க எல்லாம் பலகை எங்கேன்னு கேட்டு எழுதிட்டாங்க, உங்களுதை நேர்லயே குடுத்துடலாம்னு கொண்டு வந்தேன்... ஆமா, அந்தக் காப்பியை எது மேலங்க கொட்டினீங்க?"